தோலும் கடலும் – 14: வெள்ளைக் கப்பல்

சென்ற வாரம் கதையை 1942 ஏப்ரலில் நிறுத்தியிருந்தோம். 5ஆம் தேதி கொழும்பில் குண்டு. 6ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். 9ஆம் தேதி திருகோணமலையில். அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் பிரிட்டிஷாரின் விமானந்தாங்கிக் கப்பல் 'ஹெர்மிஸ்' மூழ்கியது. அடுத்தது மதராஸ்தான் என்று ஊரே நம்பியது. மூட்டை முடிச்சோடு மேற்கே கிளம்பியவர்களைச் சுமந்த ரயில்கள் ஜோலார்பேட்டையைத் தொட்டுத்தான் சேலத்துக்கும் பெங்களூருக்கும் பிரிந்தன. நம் பக்கத்து ஜனங்கள் ஜப்பானைக் கண்ணால் பார்க்கவில்லை. ஜப்பானுக்குப் பயந்து ஓடியவர்களைத்தான் பார்த்தார்கள்.

அங்கிருந்து 58 ஆண்டுகளைத் தாண்டுவோம். 2000 நவம்பர். சென்னைத் துறைமுகத்துக்கு ஒரு ஜப்பானியக் கப்பல் வருகிறது. இந்த முறை யாரும் ஓடவில்லை. அது போர்க்கப்பலின் சாம்பல் நிறத்தில் இல்லை, பளிச்சென்ற வெள்ளை. இந்தியக் கடலோரக் காவல்படையின் கப்பல்களும் வெள்ளைதான். இரண்டு தரப்பும் சேர்ந்து வங்கக்கடலுக்குள் போய் ஒரு ஒத்திகை பார்க்கின்றன: ஒரு சரக்குக் கப்பலைக் கொள்ளையர் கைப்பற்றிவிட்டதாக வைத்துக்கொண்டால், அதை எப்படி மீட்பது?

குண்டு போட வந்த கடலுக்கே காவல் காக்க வரும்படி ஜப்பானுக்கு என்ன நேர்ந்தது? கடற்காற்றே படாத ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் அதில் என்ன இருக்கிறது? இந்த வாரம் இந்த இரண்டு கேள்விகள்தான். பதில் ஒரு அலுமினியக் கப்பலில் தொடங்குகிறது.

பெயர் மாறிய கப்பல்

சுமத்ரா தீவின் வடகிழக்குக் கரையில் குவாலா தாஞ்சுங் என்று ஒரு துறைமுகம். ஜப்பானும் இந்தோனேசியாவும் கூட்டாக நிறுவிய அலுமினிய உருக்காலை அங்கே இருக்கிறது. 1998 செப்டம்பரில் அலுமினியப் பாளங்களோடு அங்கிருந்து புறப்பட்ட 'டென்யு' என்ற ஜப்பானியருக்குச் சொந்தமான கப்பல் காணாமல் போனது. சில மாதம் கழித்து வேறு பெயரோடு சீனத் துறைமுகம் ஒன்றில் அகப்பட்டது. சரக்கு இல்லை. மாலுமிகளும் இல்லை. அவர்கள் என்ன ஆனார்கள் என்பது இன்றுவரை தெரியவில்லை.

அடுத்த ஆண்டு அதே துறைமுகம், அதே சரக்கு. 1999 அக்டோபர் 22 அன்று 'அலோன்ட்ரா ரெயின்போ' என்ற கப்பல் சுமார் 7,000 டன் அலுமினியத்தோடு ஜப்பானின் மீகே துறைமுகத்தை நோக்கிக் கிளம்பியது. கப்பல் ஜப்பானியருடையது, கொடி பனாமாவுடையது. கேப்டனும் தலைமைப் பொறியாளரும் ஜப்பானியர், மற்ற 15 பேர் பிலிப்பைன்ஸ்காரர்கள். புறப்பட்ட சிறிது நேரத்திலேயே கத்தியும் துப்பாக்கியுமாக ஒரு கூட்டம் ஏறிக் கப்பலைப் பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் கழித்து மாலுமிகள் 17 பேரையும் ஒரு ரப்பர் படகில் இறக்கி நடுக்கடலில் விட்டுவிட்டார்கள். வழியில் போன கப்பல்கள் கவனிக்கவில்லை. பத்து நாள் போல அலைக்கழிந்தபின் தாய்லாந்து மீனவர்கள் பார்த்துத் தூக்கிவிட்டார்கள். 17 உயிரும் தப்பின.

கப்பல் எங்கே? கோலாலம்பூரில் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு ஒன்று நடத்திய கடற்கொள்ளைத் தகவல் மையம், கப்பலின் அடையாளங்களை எல்லாத் திசைக்கும் அறிவித்துக்கொண்டிருந்தது. நவம்பர் நடுவில், அந்த அடையாளத்துக்குப் பொருந்தும் ஒரு கப்பல் இந்தியாவின் தென்முனையைக் கடந்து மேற்கே போவதாகச் செய்தி வந்தது. கடலோரக் காவல்படை விமானம் தேடிப் பார்த்தது. பக்கவாட்டில் புது பெயிண்ட். பெயர் 'மெகா ராமா'. கொடி பெலீஸ் நாட்டுடையது. விசாரித்தால் பெலீஸில் அப்படி ஒரு கப்பலே பதிவாகவில்லை.

காவல்படையின் 'தாராபாய்' துரத்தியது. எச்சரிக்கைக் குண்டுகளுக்கும் நிற்காமல் அது ஓடியது. பிறகு கடற்படையின் 'பிரஹார்' வந்து சேர, நவம்பர் 16 அன்று அரபிக் கடலில் கப்பல் மடக்கப்பட்டது. உள்ளே இருந்த 15 இந்தோனேசியர்கள் தடயத்தை அழிக்கத் தீ வைத்து, அடித்தள வால்வுகளைத் திறந்து கப்பலையே மூழ்கடிக்கப் பார்த்தார்கள். இந்திய மாலுமிகள் தீயை அணைத்து, தண்ணீரை இறைத்து, மும்பைக்கு இழுத்து வந்தார்கள். அலுமினியத்தில் ஒரு பகுதி அதற்குள் வேறு கப்பலுக்கு மாறி, விலைபோயிருந்தது.

கொள்ளை போன ஒரு பெரிய சரக்குக் கப்பலைக் கடலிலேயே துரத்திப் பிடிப்பது அன்றைய ஆசியாவில் கேள்விப்படாத காரியம். 1998 மே மாதம் பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்காக இந்தியாவுக்குப் புதிய கடனுதவியை நிறுத்தி வைத்துவிட்டு முகம் திருப்பிக்கொண்டிருந்த ஜப்பான், இதைப் பார்த்தது. தன் கப்பலைக் காப்பாற்றிக் கொடுத்தவனோடு எத்தனை நாள் பேசாமல் இருக்க முடியும்? 2000 ஆகஸ்டில் பிரதமர் மோரி டெல்லிக்கு வந்தார். நவம்பரில் வெள்ளைக் கப்பல் சென்னைக்கு வந்தது.

ஏன் வெள்ளை?

ஜப்பானிடம் நல்ல கடற்படை இருக்கும்போது காவல்படையை ஏன் அனுப்பியது? இந்த நிறத்துக்குள் அதன் போருக்குப் பிந்தைய வெளியுறவுக் கொள்கையே அடங்கியிருக்கிறது.

1947இல் நடைமுறைக்கு வந்த ஜப்பானிய அரசியலமைப்பின் 9ஆவது பிரிவு, சர்வதேசச் சச்சரவுகளைத் தீர்க்கப் போரை ஒரு வழியாகக் கொள்வதில்லை என்கிறது. பின்னாளில் 'தற்காப்புப் படை' என்ற பெயரில் கப்பல்கள் வந்தாலும், அவை தூரக் கடலுக்குப் போனால் உள்நாட்டிலேயே எதிர்ப்பு. வெளிநாட்டிலோ பழைய நினைவு. சிங்கப்பூரும் மணிலாவும் ஜப்பானியப் போர்க்கொடியை மறந்துவிடவில்லை. மறக்கச் சொல்ல ஜப்பானுக்கு வாயும் இல்லை.

ஆனால் கடல் இல்லாமல் ஜப்பானுக்குச் சோறு இல்லை. கச்சா எண்ணெயில் சுமார் 90 விழுக்காடு மேற்காசியாவிலிருந்து வருகிறது. அந்தக் கப்பல்கள் இலங்கையின் தென்முனைக்குக் கீழே போய், மலாக்கா நீரிணைக்குள் நுழைந்து, சிங்கப்பூருக்கு அருகே மூன்று கிலோமீட்டருக்கும் குறைவான ஒரு இடுக்கு வழியாக வெளியேற வேண்டும். 1975இல் 'ஷோவா மாரு' என்ற ஜப்பானிய எண்ணெய்க் கப்பல் அங்கே தரைதட்டி, கடலெங்கும் எண்ணெய் பரவியது. ஜப்பான் அதற்கு முன்பே, 1960களின் இறுதியிலிருந்து, அந்த நீரிணையில் கலங்கரை விளக்கங்களும் மிதவைகளும் அமைக்கப் பணம் கொடுத்து வந்தது. 1981இல் எண்ணெய்க் கசிவு நேர்ந்தால் கரையோர நாடுகள் உடனே எடுத்துச் செலவிட 40 கோடி யென் சுழல்நிதியாகப் போட்டது.

கடன், விளக்கு, மிதவை, பயிற்சி. துப்பாக்கி தூக்க முடியாத நாடு கையில் எடுத்த கருவிகள் இவைதான். 1948இல் உருவான அதன் கடற்பாதுகாப்பு நிறுவனம் கடலில் போலீஸ் வேலையும் மீட்பு வேலையும் பார்க்கும் அமைப்பு. 2000 ஏப்ரலில் அதன் ஆங்கிலப் பெயரைக் 'கோஸ்ட் கார்டு' என்று மாற்றினார்கள். போலீஸ்காரர் திருடனைப் பிடிக்க வந்தால் ஊர் சந்தேகப்படாது. பட்டாளத்துக்காரர் வந்தால் படும். வெள்ளைக் கப்பலின் சூட்சுமம் இவ்வளவுதான்.

முதல் உலகப்போர் காலத்தைச் சொன்ன அத்தியாயம் வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். நம் டேனரிகளில் ஆவாரம்பட்டையில் பதமான 'கிழக்கிந்தியத் தோல்' பிரிட்டிஷ் சிப்பாயின் பூட்ஸுக்காகக் கப்பல் ஏறிய காலம் அது. 1914 செப்டம்பர் 22 அன்று மதராஸைச் சுட்ட 'எம்டன்', இந்தியப் பெருங்கடலில் வணிகக் கப்பல்களை வேட்டையாடிக்கொண்டிருந்தது. அப்போது பிரிட்டனின் கூட்டாளியாக அந்தக் கடல்வழிகளைக் காத்தவற்றில் 'இபுகி' முதலான ஜப்பானியப் போர்க்கப்பல்களும் உண்டு. காவலன், பகைவன், மறுபடி காவலன் என்று ஒரே நூற்றாண்டில் ஜப்பான் இந்தக் கடலில் மூன்று வேஷம் கட்டியிருக்கிறது. மூன்றாவது வேஷத்தில்தான் ஆயுதம் பின்னுக்குப் போனது.

பேச்சும் கையெழுத்தும்

'அலோன்ட்ரா ரெயின்போ' பிடிபட்ட அதே மாத இறுதியில் மணிலாவில் ஆசியத் தலைவர்கள் கூடினார்கள். ஜப்பானியப் பிரதமர் ஒபுச்சி கடற்கொள்ளையை எதிர்க்க ஆசியக் காவல்படைகள் கைகோக்க வேண்டும் என்றார். கூட்டு ரோந்து என்ற யோசனைக்கு வரவேற்பு இல்லை. என் வாசலில் இன்னொருவன் ரோந்தா என்று கரையோர நாடுகள் தயங்கின. சீனாவுக்கு ஜப்பானின் நோக்கத்திலேயே சந்தேகம். எனவே ஜப்பான் கொஞ்சம் இறங்கி வந்தது. ரோந்து வேண்டாம், தகவலையாவது பகிர்ந்துகொள்வோம்.

2001இல் பிரதமர் கொய்சுமி முன்மொழிந்து, 2004 நவம்பரில் டோக்கியோவில் வாசகம் இறுதியாகி, 2006 செப்டம்பர் 4 அன்று 'ரீகாப்' என்ற உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. ஆசியாவில் கடற்கொள்ளையையும் கப்பல்கள் மீதான ஆயுதக் கொள்ளையையும் ஒடுக்க வட்டார நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. மையம் சிங்கப்பூரில். இந்தியாவும் இலங்கையும் உறுப்பினர்கள். அதே 2006இல் இந்திய, ஜப்பானியக் காவல்படைகள் தங்களுக்குள் ஒத்துழைப்பு ஆவணம் ஒன்றிலும் கையெழுத்திட்டன.

மலாக்கா நீரிணையின் இரு கரைகளான மலேசியாவும் இந்தோனேசியாவும் மட்டும் ரீகாப்பில் சேரவில்லை. வீட்டுக்காரர் இரண்டு பேர் இல்லாமல் தெருக்காவல் சங்கம் தொடங்கிய கதைதான். ஆனாலும் சங்கம் நடந்தது. எந்த நங்கூரத் தலத்தில் எந்த இரவு யார் ஏறினார்கள், என்ன எடுத்தார்கள் என்ற கணக்கு ஒழுங்காக ஓரிடத்தில் சேர ஆரம்பித்தது.

2007 ஆகஸ்ட் 22 அன்று பிரதமர் ஷின்சோ அபே இந்திய நாடாளுமன்றத்தின் மைய மண்டபத்தில் பேசினார். பேச்சின் தலைப்பு 'இரு கடல்களின் சங்கமம்'. ஷாஜஹானின் மகன் தாரா ஷிகோ 1655இல் எழுதிய பாரசீக நூலின் பெயரிலிருந்து எடுத்தது. தாரா ஷிகோ சொன்ன கடல்கள் சூஃபி ஞானமும் வேதாந்தமும். அபே சொன்ன கடல்கள் பசிபிக்கும் இந்தியப் பெருங்கடலும். நூலின் பெயரான 'மஜ்மஉல் பஹ்ரைன்' திருக்குர்ஆனின் 18ஆவது அத்தியாயத்தில் வரும் சொல்லாட்சி. ஓதத் தெரிந்த வாணியம்பாடிப் பெரியவர் ஒருவருக்கு அந்தத் தலைப்பில் அந்நியமாக எதுவும் இருந்திருக்காது. இன்று 'இந்தோ–பசிபிக்' என்று எல்லா நாட்டு மந்திரிகளும் உச்சரிக்கும் சொல்லுக்கு வேர் பிடித்த பேச்சு அது.

பேச்சோடு நிற்கவில்லை. சென்னைக்கு வெள்ளைக் கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன. 2018 ஜனவரியில் 'சுகாரு', 2020 ஜனவரியில் 'எச்சிகோ', 2024 ஜனவரியில் 'யாஷிமா'. பயிற்சிக்குப் பெயர் 'சஹயோக்–கைஜின்'. நடுவில் சாம்பல் நிறமும் வந்தது. 2017 ஜூலையில் மலபார் கூட்டுப் பயிற்சிக்காக 'இசுமோ' என்ற பெரிய ஹெலிகாப்டர் தாங்கிக் கப்பல் சென்னையில் நின்றது. 1942இல் எந்த மாதிரிக் கப்பல் வந்துவிடுமோ என்று நகரம் காலியானதோ, அந்த மாதிரிக் கப்பல் 75 ஆண்டு கழித்து விருந்தாளியாக வந்தது. சீனாவின் கடற்படை வளர வளர ஜப்பானின் சாம்பல் கப்பல்களும் தூரம் போகத் தொடங்கிவிட்டன. ஜிபூட்டியில் 2011இல் தளமே அமைத்தாயிற்று. வெள்ளையும் சாம்பலும் எவ்வளவு நாள் தனித்தனியாக இருக்கும் என்பது இனிமேல் பார்க்க வேண்டிய கதை.

பிடித்தவனை என்ன செய்வது?

மும்பைக்கு இழுத்து வரப்பட்ட கொள்ளையர் கதை பாக்கி இருக்கிறது. குற்றம் நடந்தது மலாக்கா பக்கம். கப்பல் ஜப்பானியருடையது, கொடி பனாமாவுடையது, பிடிபட்டவர்கள் இந்தோனேசியர், பிடித்த இடம் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடல். அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் கடற்கொள்ளைக்கென்று தனிப் பிரிவே இருக்கவில்லை. இருந்த பிரிவுகளை ஒட்டிப் போட்டு வழக்கு நடந்தது. 2003இல் மும்பை செஷன்ஸ் நீதிமன்றம் ஏழாண்டுக் கடுங்காவல் விதித்தது. 2005இல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது.

துரத்திப் பிடித்த கப்பல்களின் வீரம் ஒரு சட்டப் புத்தகத்தின் ஓட்டை வழியாக ஒழுகிப் போயிற்று. ஜப்பான் பாடம் படித்தது. 2009இல் தனிச் சட்டம் இயற்றி, 2011இல் அரபிக் கடலில் ஒரு எண்ணெய்க் கப்பலைத் தாக்கிப் பிடிபட்ட சோமாலியர்களை டோக்கியோவுக்குக் கொண்டுபோய்த் தண்டித்தது. இந்தியாவுக்கு நேரம் பிடித்தது. கடற்கொள்ளைத் தடுப்புச் சட்டத்தை நம் நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2022 டிசம்பரில்.

சட்டம் சரியான நேரத்துக்கு வந்தது. 2024 மார்ச்சில் 'ரூயன்' என்ற கப்பலைக் கடற்படை மீட்டது. 35 சோமாலியக் கொள்ளையர் சரணடைந்தார்கள். காப்பாற்றப்பட்ட மாலுமிகள் இந்த முறையும் 17 பேர். கொள்ளையர் மும்பைக்குக் கொண்டுவரப்பட்டபோது காவல்துறையின் கையில் புதுச் சட்டம் இருந்தது.

ஆம்பூருக்கு என்ன?

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1970களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு போட்டதையும், டேனரிக்காரர்கள் மெல்ல மெல்ல முழுத் தோலுக்கும் பிறகு அப்பருக்கும் ஷூவுக்கும் மாறியதையும் முன்பே பார்த்தோம். அந்த மாற்றத்தோடு இன்னொன்றும் மாறியது: நேரம். பதனிட்ட தோல் ஒரு மாதம் தாமதமாய்ப் போனாலும் தோல்தான். குளிர்காலத்துக்கான ஷூ, குளிர்காலம் பாதி போனபின் போனால் வெறும் ஸ்டாக். பையர் விலையைக் குறைப்பார், அல்லது விமானத்தில் அனுப்பு என்பார். விமானக் கூலி கம்பெனி தலையில்.

ஆம்பூரில் சீல் வைத்த கண்டெய்னர் சுமார் 180 கிலோமீட்டர் ஓடிச் சென்னைத் துறைமுகத்தை அடைகிறது. 1983இல் அங்கே கண்டெய்னர் முனையம் திறந்தாலும், ஐரோப்பாவுக்குப் போகும் பெட்டிகள் பல கொழும்பில் இறங்கிப் பெரிய கப்பலுக்கு மாறித்தான் போகும். கொழும்பின் ஜெயா முனையம் 1980களில் ஜப்பானியக் கடனுதவியோடு எழுந்தது. நம் பக்கத்துச் செருப்புகள் கப்பல் மாறிய தளத்தில் யென் இருந்தது. அதே கொழும்பில் கிழக்கு முனையத்தை இந்தியாவும் ஜப்பானும் இலங்கையும் சேர்ந்து நடத்த 2019இல் ஒப்புக்கொண்டதும், தொழிற்சங்க எதிர்ப்புக்குப் பின் 2021 பிப்ரவரியில் இலங்கை அதைக் கைவிட்டதும் இன்னொரு பாடம். கரையில் இருப்பவர் மனசு வைக்காமல் கடல் ஒத்துழைப்பு நடக்காது.

2023 நவம்பர் 19 அன்று செங்கடலில் ஹூதிகள் ஹெலிகாப்டரில் வந்து இறங்கிக் கைப்பற்றிய 'கேலக்ஸி லீடர்' கப்பலை நினைத்துப் பாருங்கள். கார் ஏற்றும் கப்பல். நடத்தியது ஜப்பானின் நிப்பான் யூசென். வந்துகொண்டிருந்தது இந்தியாவுக்கு. மாலுமிகள் 25 பேருக்கு விடுதலை கிடைத்தது 2025 ஜனவரியில்தான். அந்த ஒரு சம்பவத்தையும் அடுத்து வந்த ஏவுகணைகளையும் பார்த்துக் கப்பல் கம்பெனிகள் சூயஸை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றத் தொடங்கின. ஐரோப்பாவுக்குப் பத்துப் பதினைந்து நாள் கூடுதல். வாடகை ஏறியது. காப்பீட்டுத் தொகை ஏறியது. செங்கடலில் சுட்ட சத்தம் ஆம்பூரில் கேட்காது. ஆனால் ஷிப்பிங் பிரிவில் உட்கார்ந்திருப்பவரின் கணக்கில் அது விழும். அங்கிருந்து அடுத்த ஆர்டருக்கும், அதிகாலை கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்களின் ஓவர்டைமுக்கும் இறங்கும்.

ஆவாரம்பட்டைத் தொட்டியில் தோல் ஊறுவதைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். மேலே இருந்து பார்த்தால் எதுவும் நடக்காது. தினமும் புரட்டிப் போட வேண்டும். பட்டைத் தண்ணீரை மாற்ற வேண்டும். வாரக்கணக்கில் பொறுத்தால்தான் சாறு உள்ளே ஏறும். நடுவில் விட்டால் தோல் அழுகும். மிதவை, தகவல் மையம், ஆண்டுக்கொரு ஒத்திகை, 17 ஆண்டு தாமதித்து வந்த ஒரு சட்டம் எல்லாமே அந்த வகை வேலை. எதுவும் தலைப்புச் செய்தி ஆகாது. ஜப்பான் இதைப் பரோபகாரமாகச் செய்யவில்லை, தன் எண்ணெய்க்காகவே செய்தது. ஆனாலும் அந்தத் தொட்டியில் நம் தோலும் ஊறியிருக்கிறது.

கடலில் விளக்கு வைத்த ஜப்பான், நமக்குப் பக்கத்திலேயே ஓரிடத்தில் குடத்திலும் வந்து இறங்கியது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தலைமுறை தலைமுறையாகப் பல்லையும் எலும்பையும் அரித்த ஃபுளோரைடு தண்ணீருக்கு மாற்றாக, ஜப்பானியக் கடனில் எழுந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)